குத்துமதிப்பு

நாலாவது ரவுண்டில் காளியண்ணன் விழுந்துவிடுவான் என்று மருதாசலம் சொன்னபோது, சரவணமுத்துவின் காபி கிளப்பில் யாரும் உடனே மறுத்துப் பேசவில்லை. மருதாசலம் அப்படிப்பட்டவர். சூரமங்கலம் கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். மூட்டைகளை நிறுத்து ரசீது போடுவது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று ஊருக்குச் சொல்வது சம்பளமில்லாமல் செய்யும் வேலை. இரண்டாவதில்தான் அவருக்குச் சிரத்தை அதிகம்.

மழை வரும் என்பார். பல சமயம் வரும். வராமல் போனால், ஏன் வரவில்லை என்பதை அவர் விளக்கும் அழகில், வந்திருந்தால்தான் தப்பு என்று கேட்பவர்களுக்குத் தோன்றிவிடும்.

குத்துச்சண்டை விஷயத்தில் அவருக்கு இன்னும் கொஞ்சம் உரிமை உண்டு. ரயில்வே இன்ஸ்டிடியூட்டில், சட்டைக்காரர்கள் என்று ஊர் சொல்லும் ஆங்கிலோ இந்திய டிரைவர்களும் கார்டுகளும் சனிக்கிழமை தோறும் கையில் உறை மாட்டிக்கொண்டு குத்திக்கொள்வதை, வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் பார்த்தவர். மெட்ராஸ் பத்திரிகையில் சீமைச் சண்டைகளைப் பற்றி வரும் சேதிகளை ஒரு வரி விடாமல் படிப்பவர். தாம் ஒருவரையும் குத்தியதில்லை. கூட்ஸ் ரசீதில் சீல் குத்துவதோடு சரி.

அந்த முப்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் குத்துச்சண்டைக் கம்பெனி ஒன்று ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கொட்டகை போட்டிருந்தது. கம்பெனியின் பெரிய ஆள் டாமினிக். பெங்களூர்க்காரர். ‘இடிக்கை டாமினிக், கனத்த எடைச் சாம்பியன்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். அவரோடு மேடையேறிய அநேகம் பேர் மூன்றாவது ரவுண்டு எப்படியிருக்கும் என்று பிறகு மற்றவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அவரை எதிர்த்து நிற்கப் போகிறவன் காளியண்ணன். திருச்செங்கோட்டுப் பக்கம். கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் குடும்பம். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வெல்லம் ஏற்றி வருகிறவன், மண்டிக்காரர்கள் வெளியூருக்கு அனுப்புகிற மூட்டைகளைக் கூட்ஸ் ஷெட்டில் இறக்கிவிட்டு ஊர் திரும்புவான். போன வருஷம் இதே கம்பெனி வந்தபோது, ‘யார் வேண்டுமானாலும் மேடையேறலாம்’ என்று தமுக்கடித்தார்கள். கூட வந்தவர்கள் தள்ளிவிட்டதில் இவன் ஏறினான். கம்பெனியின் சின்ன ஆட்கள் மூன்று பேர் ஒருவர் மாற்றி ஒருவராகக் குத்தினார்கள். இவன் திருப்பிக் குத்தியதாகப் பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனால் விழவில்லை. குத்தியவர்கள்தான் களைத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அவன் ‘விழாத காளியண்ணன்’. இந்த வருஷம் கம்பெனியே அவனைத் தேடிப்போய், சாம்பியனோடு பத்து ரவுண்டு நிற்க முடியுமா என்று கேட்டது. நின்று பார்க்கலாமுங்க என்றானாம்.

காபி கிளப் முதலாளி சரவணமுத்து கடைசியில் வாயைத் திறந்தார்.

“டாமினிக்குக்கும் வயசாச்சுங்க. ஆறாவது ஏழாவதுக்கு மேல அவருக்கு மூச்சு வாங்குதுன்னு போன வருஷமே சொன்னாங்க. இவன் பொடனியப் பாத்தீங்களா? வெல்ல மூட்ட சொமந்து சொமந்து தூணு மாதிரி கெடக்குது. தலையில குத்துனா குத்துறவன் கைதான் வீங்கும்.”

“அங்கதான் நீங்க தப்புப் பண்றீங்க” என்றார் மருதாசலம். “இவனை இதுவரைக்கும் குத்துனவன் எல்லாம் எளவட்டப் பசங்க. டாமினிக் பீச்சாங்கையால சும்மா தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. இவன் அதையே பாத்துட்டு நிப்பான். சோத்தாங்கை எங்க இருந்து வருதுன்னே தெரியாது. நிக்கத் தெரியும், நகரத் தெரியாது. நகராதவனைக் குத்தறதுக்கு எத்தனை நேரமாகும்? முதல் ரவுண்டுல பாப்பாரு. ரெண்டாவதுல அளப்பாரு. மூணாவதுல அடிப்பாரு. நாலாவதுல படுப்பான்.”

“குத்துமதிப்பாச் சொல்றீங்க.”

“குத்து மதிப்பேதான். குத்தை மதிச்சுச் சொல்றேன்” என்றார் மருதாசலம். கிளப் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு அவருக்கு இரண்டாவது காபி ஓசியில் வந்தது.

இந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே சேதி வந்து சேர்ந்திருந்தது. மனைவி ராமாத்தாள் கை கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“ஏனுங்க, காளியண்ணன் நாலாவதுல உழுந்துருவானாமா?”

மருதாசலம் கொஞ்சம் ஜாக்கிரதையானார். ஏனென்றால் காளியண்ணன் அந்த வீட்டுக்குள் வேறு ஒரு காரணத்தால் பேசப்பட்ட பெயர்.

ராமாத்தாளின் தங்கை பொன்னாயி இவர்களோடுதான் இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. பெரியப்பா வெங்கடாசலம் சங்ககிரியில் இருந்தார். “மாப்பிள்ளை உத்தியோகத்துல இருக்கறவரு, நாலும் தெரிஞ்சவரு. அவரு பாத்து ஒரு எடத்தைச் சொன்னாச் சரி” என்று பொறுப்பை இவரிடம் விட்டிருந்தார். மருதாசலமும் பார்த்தார். வருஷா வருஷம் பார்த்தார். பார்த்த ஒவ்வொரு மாப்பிள்ளையின் வருங்காலமும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருவனுக்கு நாற்பது வயதில் சொட்டை விழும். ஒருவன் பாகப் பிரிவினையில் ஏமாந்துபோவான். இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்தவன் நல்லவன்தான், ஆனால் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் பின்னால் குடிப்பான். இப்படியே பொன்னாயிக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது. அவளோடு கோலம் போட்டவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து இவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன கார்த்திகையில் காளியண்ணனின் தாயார் மாரக்காள் வந்து பெண் கேட்டாள். வண்டி பூட்டி ஷெட்டுக்கு வருகிற மகன், கிளார்க்கு வீட்டில் மோர் வாங்கிக் குடித்ததில் வந்த வினை. பொன்னாயி மோர்ச் சொம்பை நீட்டிய விதத்திலேயே ராமாத்தாளுக்கு விஷயம் புரிந்திருந்தது. மருதாசலத்துக்குப் புரியவில்லை. “கூட்டத்துக்கு முன்னால அடி வாங்கறவனுக்குப் பொண்ணா?” என்று அன்றைக்குச் சொன்னார். மாரக்காள் வெற்றிலையைக்கூட எடுக்காமல் போனாள்.

அதனால்தான் இப்போது ஜாக்கிரதையானார்.

“ஆமா. விழுவான்” என்றார்.

“உழுவான்னு ஆரு வேணாலும் சொல்லலாமுங்க. பத்து ரவுண்டுல எங்கியாவது உழுகத்தான் செய்வான். நாலாவதுலயேன்னு எப்படிச் சொல்றீங்க?”

“அதுதான் என்ற கணக்கு.”

“அஞ்சாவதுல உழுந்தா?”

“அஞ்சாவது ரவுண்டே நடக்காது.”

“நடந்துச்சுன்னு வெச்சுக்குங்களே.”

“நடக்காததை எதுக்கு வெச்சுக்கறது?”

“நீங்க தோக்கறதுக்குப் பயப்படறீங்க. உடுங்க” என்று அவள் சோறு எடுத்து வைக்கப் போனாள்.

அவ்வளவுதான். அவளுக்குக் குத்தத் தெரியுமா, தெரியாதா என்று மருதாசலம் யோசித்ததே இல்லை. பீச்சாங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது அவருக்குத் தெரியவில்லை.

“பயமா? எனக்கா? நாலாவது தாண்டி அவன் நின்னான்னா, உன்ற தங்கச்சியை அவனுக்கே கட்டிக் குடுத்தர்றேன். போதுமா?”

சமையலறைக் கதவோரம் ஒரு வளையல் சத்தம் கேட்டது. பொன்னாயி அங்கே நின்றிருக்கிறாள் என்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது.

ராமாத்தாள் திரும்பவில்லை. “சரிங்க” என்றாள். ரசத்தை ஊற்றினாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அவள் பேசாமல் இருந்ததுதான் மருதாசலத்தைத் தூங்க விடவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். சரிங்க என்று சொன்னவளிடம் என்ன சொல்வது?

மறுநாள் காளியண்ணன் மூட்டை இறக்க ஷெட்டுக்கு வந்தான். மருதாசலம் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வெளியே வந்து அவனைச் சுற்றிப் பார்த்தார். வழக்கமாகப் பார்க்கிறவன்தான். ஆனால் பந்தயப் பொருளாக ஆனபின் ஒரு மனுஷன் வேறு மாதிரி தெரிகிறான். முதுகில் மூட்டையோடு பலகை மேல் ஏறியபோது பலகைதான் வளைந்தது. அவன் வளையவில்லை.

“ஏப்பா காளியண்ணா, ஒண்ணு கேக்கறேன். எதுக்கு இந்த வேலை உனக்கு? நிலம் இருக்குது, கெணறு இருக்குது. கூட்டத்துக்கு முன்னால குத்து வாங்கி என்ன காணப்போற?”

அவன் மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தான். யோசித்துத்தான் பதில் சொன்னான்.

“போன வருஷம் சும்மாதானுங்க ஏறுனேன். குத்துனாங்க. வலிச்சுதுங்க. ஆனா ஒவ்வொரு குத்தும் உழுந்து முடிஞ்ச பொறகு பாத்தா, நான் இருந்த எடத்துலயே இருந்தனுங்க. அது எனக்கே தெரியாதுங்க அதுவரைக்கும். அது ஒரு மாதிரி நல்லா இருந்துச்சுங்க.”

“டாமினிக் வேற ஆளு.”

“தெரியுமுங்க. உழுந்தாலும் உழுந்துருவேனுங்க” என்றான் அவன், மழை வந்தாலும் வரும் என்பதுபோல. பிறகு சற்றுத் தயங்கி, “ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?” என்று கேட்டான். எல்லாரும் என்ற சொல்லில் அவன் காது சிவந்தது.

மருதாசலம் ரசீதைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். விழமாட்டேன் என்று மார் தட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மார் தட்டுகிறவன் சீக்கிரம் விழுவான் என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இவன் விழுந்தாலும் விழுவேன் என்கிறான். இப்படிப்பட்டவனைக் குறித்து ஜன்னல் கம்பி வழியாகக் கற்ற வித்தையில் ஒன்றுமே இல்லை.

அன்று சாயங்காலம் அவர் ஒரு காரியம் செய்தார். யாருக்கும் சொல்லாமல் கொட்டகைக்குப் பின்பக்கம் போய், சாம்பியனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

டாமினிக் ஒரு கள்ளிப்பெட்டி மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் உப்பு வெந்நீரில் ஊறப்போட்டிருந்தார். கிட்டத்தில் பார்த்தால் மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. பெங்களூரில் பட்டாளம் இருக்கும் தண்டுப் பக்கத்துத் தமிழில் பேசினார்.

“யாரு மிஸ்டர் நீ?”

“ரயில்வே. உங்க அபிமானி. ஒரு யோசனை சொல்லலாம்னு வந்தேன்.”

“சொல்லு.”

“அந்தக் காளியண்ணன் தலையில குத்தாதீங்க. உங்க கைதான் போகும். விலாவுல குத்துங்க. கையைத் தூக்கி மூஞ்சியை மறைப்பான், விலா திறந்து கெடக்கும். போன வருஷம் பாத்தேன். முதல்லயே அங்க குத்துனீங்கன்னா நாலாவதுல முடிச்சுரலாம்.”

டாமினிக் தண்ணீரிலிருந்து கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் முட்டிகள் இஞ்சி மாதிரி இருந்தன.

“விலாக் குத்து அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது மிஸ்டர். இந்த வெந்நீர் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ளே போகும். ஆனா போகும். நல்ல யோசனை.” பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தார். “நான் குத்தறது என் தொழில். அவன் மேலே எனக்குக் கோபம் இல்லே. உனக்கு அவன் மேலே என்ன கோபம்?”

மருதாசலத்துக்குக் கோபம் ஒன்றும் இல்லைதான். தாம் சொன்னது பலிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை அந்தக் கைகளுக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சண்டை. ராமாத்தாள் காலையிலிருந்து வீடு மெழுகிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கே அவருக்குச் சட்டை எடுத்து வைத்தாள்.

“நீங்களும் வாரீங்களா ரெண்டு பேரும்? பொம்பளைங்களுக்குத் தனியா எடம் போட்டிருக்குது” என்றார் மருதாசலம். அவர் தோற்பதை அவள் பார்க்கக்கூடாது என்றும், ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும் என்றும் அவருக்கு ஒரே சமயத்தில் இருந்தது.

“வேல நெம்பக் கெடக்குதுங்க. நீங்க போய் முன்னால எடம் புடிங்க. பாதியில எந்திரிச்சு வந்தராதீங்க, உங்களைத்தான் எல்லாரும் கேப்பாங்க.”

அது வாஸ்தவம்தான் என்று அவருக்கும் பட்டது.

கொட்டகை நிரம்பியிருந்தது. மருதாசலம் முதல் வரிசையில், கயிற்றுக்கு அருகே உட்கார்ந்தார். பக்கத்தில் சரவணமுத்து. டாமினிக் மேடையேறியபோது பலகை முனகியது. காளியண்ணன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, புதுக் கையுறைகளை ஏதோ இரவல் பொருள் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

மணி அடித்தது.

முதல் ரவுண்டில் டாமினிக் பார்த்தார். இரண்டாவதில் அளந்தார். மூன்றாவதில் அடித்தார். இதுவரைக்கும் மருதாசலம் சொன்னபடியே ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்தது. சரவணமுத்து அவர் தொடையைத் தட்டி, “அய்யா, உங்க வாயில என்னமோ இருக்குதுங்க” என்றார். பின் வரிசையில் நாலைந்து பேர் எழுந்து நின்று அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

நாலாவதில் சோற்றாங்கை வந்தது. எங்கிருந்து வந்தது என்று காளியண்ணனுக்குத் தெரியவில்லை. மருதாசலத்துக்குத் தெரிந்தது. தாடையில் முழுசாக விழுந்தது. காளியண்ணனின் முழங்கால் ஒரு தடவை மடங்கியது. மருதாசலம் பாதி எழுந்துவிட்டார்.

முழங்கால் மறுபடி நிமிர்ந்தது. அவன் தலையைக் குதிரை மாதிரி ஒரு சிலுப்புச் சிலுப்பி, இருந்த இடத்திலேயே இருந்தான். மணி அடித்தது.

பின் வரிசையிலிருந்து ஒருவன், “கிளார்க்கு ஐயா, அடுத்தது அஞ்சுதானுங்களே?” என்று கேட்டான். மருதாசலம் காது கேளாதவர்போல் உட்கார்ந்திருந்தார். நாலு பேருக்கு முன்னால் தோற்றது ஒரு பக்கம் இருக்க, வீட்டில் ரசம் ஊற்றிய ஒருத்தி ‘சரிங்க’ என்று சொன்னது அவர் காதில் மறுபடியும் கேட்டது.

இனி அவருக்கு இந்தச் சண்டையில் ஒரு வேலையும் இல்லை. எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஆறாவதில் டாமினிக் விலாவில் குத்த ஆரம்பித்தார்.

இடது விலா. ஒரு குத்து. பதில் எதிர்பார்க்காமல் இன்னொன்று. காளியண்ணன் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றான். விலா திறந்து கிடந்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம் கேட்டது. வெந்நீர் மாதிரி உள்ளே போகும் என்றாரே, அது எங்கே போகிறது என்று மருதாசலத்துக்குக் கண்ணெதிரே தெரிந்தது. காளியண்ணனின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்த சண்டைகளில் ஒன்றுகூட இப்படி வலித்ததில்லை. அங்கேயெல்லாம் இரண்டு பேர் குத்திக்கொண்டார்கள். இங்கே குத்துவது டாமினிக்கின் கை. இடம் காட்டியது இவருடைய விரல்.

ஏழாவதில் அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “முழங்கையை எறக்குடா. விலாவைக் காப்பாத்து. எறக்கு கையை” என்று கத்தினார்.

சரவணமுத்து அவரை அண்ணாந்து பார்த்தார். டாமினிக்கும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

“மிஸ்டர், நீ எந்தப் பக்கம்?” என்றார், குத்தை நிறுத்தாமலே.

காளியண்ணன் முழங்கையை இறக்கினான். அடுத்த குத்து முழங்கை எலும்பில் பட்டதும் டாமினிக் முகம் சுளித்தார். எட்டாவது ரவுண்டில் இரண்டு பேருமே குத்தியதைவிடச் சாய்ந்துகொண்டதுதான் அதிகம். டாமினிக்குக்கு மூச்சு வாங்கியது. ஒரு தடவை காளியண்ணன் கையை நீட்டினான். அது சாம்பியனின் காதோரம் பட்டதற்குக் கொட்டகையே எழுந்து நின்றது. பத்தும் நின்றுவிடுவான் என்று மருதாசலத்துக்கே தோன்றிவிட்டது. நிற்க வேண்டும் என்று தோன்றியதா, நிற்பான் என்று தோன்றியதா என்று கேட்டால் அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. அவருடைய வாழ்நாளில் இந்த இரண்டும் இப்படி ஒட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தபோது ஜங்ஷன் பக்கமிருந்து ஈரோடு பாசஞ்சர் ஊதிக்கொண்டு கிளம்பியது. காளியண்ணன் அந்தச் சத்தம் வந்த திசையில் தலையைத் திருப்பினான். கை தானாக இறங்கியது. ஒரு நிமிஷம் சுமையை இறக்கிவைத்த மாதிரி தோள் தளர்ந்தது. அந்த நேரம் பார்த்து டாமினிக்கின் சோற்றாங்கை வந்து சேர்ந்தது.

விழாத காளியண்ணன் விழுந்தான்.

ரெபரி குனிந்து விரல்விட்டு எண்ணினார். கொட்டகையும் கூடவே எண்ணியது. மருதாசலம் எண்ணவில்லை. பத்து ஆனதும் டாமினிக்கின் கையைத் தூக்கிப் பிடித்தார்கள். கூட்டம் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, எல்லாம் முடிந்த பிறகு, காளியண்ணன் ஒரு கையை ஊன்றி, ஒரு முழங்காலை ஊன்றி, எழுந்து நின்றான். எண்ணி முடித்தாயிற்று. இனி எழுந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இருந்தும் எழுந்து, சாம்பியனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு இருந்த இடத்திலேயே நின்றான். வீங்கிப்போன முகத்தில் அவன் சிரித்த மாதிரி இருந்தது.

“உழுந்துட்டானே. நீங்க சொன்னது ஒரு வகையில பலிச்சுப்போச்சுங்க” என்றார் சரவணமுத்து, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

“ஒரு வகையில” என்றார் மருதாசலம்.

காபி கிளப்புக்குள் நுழையாமல் நேராக வீட்டைப் பார்த்து நடந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வழக்குக்கு இடம் இருக்கத்தான் செய்தது. விழுவான் என்றார், விழுந்தான். நாலாவது என்றது மட்டும்தான் பிசகு. வாய்க்கு வாய் பேசினால் ராத்திரி முழுக்கப் பேசலாம். ஆனால் அவருக்குப் பேச மனமில்லை. முடிந்த பிறகு எழுந்து நின்றானே, அது அவரை விடவில்லை. ஜெயிப்பதற்காக எழுகிறவனை அவர் பார்த்திருக்கிறார். ஜெயிக்க ஒன்றுமில்லாதபோதும் எழுகிறவனோடு ஒரு பெண் தைரியமாக ஒரு ஆயுசு இருக்கலாம். பஞ்சம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கிணறு வற்றும். இதையெல்லாம் அவர் எல்லா மாப்பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே பார்த்துச் சொன்னவர்தான். அதெல்லாம் வந்த பிறகு அந்த மாப்பிள்ளை எழுந்து நிற்பானா என்று மட்டும் ஒருவனைக்கூடப் பார்த்ததில்லை.

ரயில்வே லைன் வீடுகளின் முனை வருவதற்குள் தீர்மானித்துவிட்டார். பந்தயத்தில் தோற்றுக் கொடுப்பதாக இருக்கக்கூடாது. தாமாக, மனசார, யோசித்துப் பார்த்துக் கொடுப்பதாக இருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தார். சொல்லும்போது பொன்னாயியையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளை அழும். ராமாத்தாளும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

வீட்டில் நெய் வாசனை அடித்தது. வாசலில் பெரிய கோலம். அவர் மனசு வேறு எங்கோ இருந்ததால் அதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, “ராமாத்தா, இங்க வா. பொன்னாயி, நீயும் வாம்மா” என்றார்.

இருவரும் வந்து நின்றார்கள். பொன்னாயி தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

“காளியண்ணன் விழுந்துட்டான்” என்று ஆரம்பித்தார். பொன்னாயியின் முகம் மாறியதும் அவசரமாகச் சேர்த்தார். “ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கறான். ஒம்பதாவதுலதான் விழுந்தான். விழுந்து எந்திரிச்சுட்டான். பந்தயம் என்னாச்சுன்னு நான் பேச வரல. அதைத் தள்ளு. இன்னைக்கு அவனை நான் பாத்தேன். மனுஷன்னா அவன் மனுஷன். அடி வாங்கறவனுக்குப் பொண்ணான்னு அன்னைக்குச் சொன்னேன். அடி வாங்காதவன் ஆரு இருக்கறாங்க? நிக்கறவனாப் பாத்துக் குடுக்கணும். நல்லா ரோசனை பண்ணித்தான் சொல்றேன், இந்தப் பொண்ணை அவனுக்கே குடுக்கறதுன்னு முடிவு பண்ணீட்டேன். நாளைக்கே உங்க பெரியப்பாவுக்கு ஆள் அனுப்பலாம்.”

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார். பொன்னாயி அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ராமாத்தாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கணவன் இவ்வளவு நன்றாகப் பேசி அவள் கேட்டதில்லை. அதனால் உடனே பதில் சொல்ல அவளுக்கே சங்கடமாக இருந்ததுபோல.

“நல்ல முடிவுங்க” என்றாள். “சித்தெ இருங்க.” உள்ளே போய் ஒரு தட்டில் கச்சாயமும் பாயசமும் கொண்டுவந்து வைத்தாள்.

“என்ன இது, நோம்பியா?”

“பெரியப்பா வந்திருந்தாருங்க. மாரக்காளும் வந்திருந்தாங்க. மத்தியானப் பாசஞ்சர்ல ஒட்டுக்கா வந்து, வெத்தலை பாக்கு மாத்தீட்டு, ஈரோடு பாசஞ்சர்ல போயிட்டாங்க. பங்குனியில கண்ணாலம்.”

மருதாசலம் பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் இல்லாதப்பவா?” என்று கேட்டார்.

“நீங்க இருந்தா அதுக்கும் ஒரு கணக்குச் சொல்லுவீங்க. அதான் நீங்க அங்க இருக்கற நேரமாப் பாத்து வரச் சொன்னேன்.”

“நாலாவதுலயே அவன் விழுந்திருந்தா நான் திரும்பி வந்து வாசல்ல நின்னிருப்பேனே. அப்ப என்ன பண்ணீருப்பே?”

ராமாத்தாள் பாயசத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“அதுக்குத்தானுங்க முன்னாலயே காளியண்ணனுக்குச் சொல்லி உட்டிருந்தேன். பெரியப்பா ஏறுன வண்டி ஊதற வரைக்கும் உழுந்தராத சாமி, அதுக்கப்பறம் உன்ற இஷ்டம்னு.”